தலையிடி என்று சொன்ன பிள்ளையை நாம் எத்தனை மாதம் காக்க வைத்தோம்?



கல்கிசை, இரத்மலானை, தெஹிவளை, வெள்ளவத்தை உறவுகளுக்கும், எங்களிடம் படிக்கும், படித்த பிள்ளைகளின் உம்மா வாப்பாமாருக்கும் எழுதுகிறோம். நீளமான பதிவுதான். தயவு செய்து பாதியில் விட்டுவிடாதீர்கள்.

சென்ற வாரத்திலிருந்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. மூளைக்கட்டி உள்ள ஒரு சின்னப் பிள்ளைக்கு உதவி கேட்டு வந்த நோட்டீஸுக்குக் கீழே யாரோ அதைப் போட்டிருக்கிறார்கள். பேசுபவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் குரலில் நல்ல உறுதி. அவர் சொல்வது நான்கு விஷயம். மூளையில் கட்டி வந்த பிள்ளை எப்படியும் மௌத்தாகிவிடுமாம், காசு கொடுப்பது வீணாம். தலையைத் திறந்தால் பிள்ளை நடைப்பிணமாகிவிடுமாம். இந்த நோய் போனால் வருகிறதாம், பிள்ளை கையில் போனைக் கொடுத்த உம்மாதான் காரணமாம். ஓதிய தண்ணீரும் ஒரு கஷாயமும் இருந்தால் போதுமாம்.

அதற்குக் கீழே "ஜஸாகல்லாஹு ஹைரன்" என்று எழுதியவர்கள் ஒரு குழுவில் மட்டும் 30 பேருக்கு மேல். அதில் எங்களிடம் படித்தவர்களும் இருக்கிறார்கள். சும்மா இருக்க முடியவில்லை.

நாங்கள் டொக்டர்கள் இல்லை. ஆசிரியர்கள். மற்றவர்களிடம் கேள்வி கேட்கும் முன் எங்கள் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். நாலாம் ஆண்டு. முத்து முத்தான எழுத்து. இரண்டாம் தவணையில் அந்த எழுத்து கெட்டது. வரியை விட்டு இறங்கி எழுதினாள். "கவனமில்லை" என்று கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதினோம். காலையில் அசெம்பிளியில் நிற்கும்போது சத்தி எடுத்தாள். "சாப்பிடாமல் வருகிறாய்" என்று ஏசினோம். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கரும்பலகையைப் பார்த்தாள். "நேராக இரு" என்று அந்தத் தலையைப் பிடித்து நேராக்கியது எங்கள் கைதான். இன்டர்வெலில் படியில் விழுந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்கள் விழுந்த முழங்காலுக்கு மருந்து போட்டோம்.

வீட்டிலும் இதே கதை. தலையிடிக்குப் பெனடோல். சத்திக்கு கேஸ்ட்ரைட்டிஸ் மருந்து. ஒரு டொக்டர் சரியில்லை என்று இன்னொருவர். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து ஆரம்பம். பிறகு கண்ணூறு என்றார்கள். அதற்குப் பிறகு ஒருவர் ஓதி நூல் கட்டினார். அவர் நல்ல மனிதர், காசும் வாங்கவில்லை. ஆனால் "டொக்டரிடம் காட்டினீர்களா?" என்று அவரும் கேட்கவில்லை. இப்படியே நாலு மாதம்.

கடைசியில் கண்ணாடி எடுக்கத்தான் கூட்டிப் போனார்கள். கண் டொக்டர் லைட் அடித்துக் கண்ணின் பின்பக்க நரம்பைப் பார்த்தார். வீங்கி இருந்தது. அன்றைக்கே துண்டு எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேனில் பின்மூளையில் கட்டி. மெதுவாக வளரும் வகை. ஒரே சத்திரசிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இன்று உயிரோடு இருக்கிறாள். ஆனால் கண் பார்வையில் பெரும்பகுதி திரும்பவில்லை. அந்தப் பார்வையைப் பறித்தது டொக்டரின் கத்தி இல்லை. நாலு மாதமாகத் தலைக்குள் இருந்த அழுத்தம். அந்த நாலு மாதத்தில் வீட்டாரும் இருந்தார்கள், அந்த டொக்டர்களும் ஓதினவரும் இருந்தார்கள், நாங்களும் இருந்தோம்.

இப்போது அந்தக் குரல்பதிவுக்கு வருவோம்.

முதலாவது, "எப்படியும் மௌத்தாகிவிடும்" என்ற பேச்சு.

மூளைக்கட்டி என்பது ஒரே நோய் இல்லை. பல வகை. எங்கள் மாணவிக்கு வந்தது போன்ற மெதுவாக வளரும் கிளையோமாவை முழுதாக எடுக்க முடிந்தால் நூற்றுக்குத் 90 பிள்ளைகளுக்கு மேல் பல்லாண்டு வாழ்கிறார்கள். பிள்ளைகளுக்கு வரும் வேகமான கட்டிகளில் முக்கியமானது மெடுல்லோபிளாஸ்டோமா. 1925இல் ஹார்வி குஷிங், பெர்சிவல் பெய்லி என்ற இரண்டு அமெரிக்க டொக்டர்கள் அதற்குப் பெயர் வைத்த காலத்தில் அது வந்த பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்தார்கள். 1950களில் மான்செஸ்டரில், கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் இல்லாமல் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் சேர்த்துக் கதிர்ச்சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். பிறகு கீமோ மருந்துகளைச் சேர்த்தார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில், உடம்பில் வேறிடம் பரவாத நிலையில் பிடிபட்டு ஒழுங்காகச் சிகிச்சை பெறும் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் அளவில் 5 வருடம் தாண்டி வாழ்கிறார்கள். இந்த ஒரே கட்டிக்குள்ளேயே நாலு பிரிவுகள் இருப்பதாக 2012 அளவில் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கொண்டார்கள். அதில் ஒரு பிரிவில் 90 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள். அவர்களுக்குக் கதிரின் அளவைக் குறைத்து மூளையைக் காப்பாற்றலாமா என்றுதான் இப்போது ஆராய்ச்சி நடக்கிறது. எப்படியும் மௌத்து என்றிருந்த இடத்திலிருந்து, எவ்வளவு குறைவான சிகிச்சையில் காப்பாற்றலாம் என்று கேட்கும் இடத்துக்கு 100 வருடத்தில் வந்திருக்கிறார்கள்.

இந்தக் கட்டிகளுக்கெல்லாம் கொடுக்கும் ஒரு பழைய மருந்து வின்கிரிஸ்டின். எதிலிருந்து வருகிறது தெரியுமா? பட்டிப்பூவிலிருந்து. நம் வீட்டு வேலியோரத்திலும் மையவாடியிலும் தானாக முளைக்கிற அதே செடி. கஷாயக்காரர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டாம். டன் கணக்கான இலையிலிருந்து சில கிராம் பிரித்தெடுத்து, அளவு பார்த்து, 1960களிலிருந்து பிள்ளைகளுக்கு நாளத்தில் ஏற்றுகிறார்கள். அதே இலையை வீட்டில் அவித்துக் குடித்தால் நஞ்சு. அல்லாஹ் செடியில் மருந்தை வைத்தான், உண்மை. அதைத் தேடி எடுக்கிற அறிவையும் அவன்தான் கொடுத்தான்.

எல்லாக் கட்டியும் குணமாகும் என்று நாங்கள் பொய் சொல்ல மாட்டோம். மூளைத்தண்டில் பரவி வளரும் ஒரு வகை இருக்கிறது. அதை வெட்டி எடுக்க முடியாது. பெரும்பாலான பிள்ளைகள் ஒன்று இரண்டு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ரோங்கின் மகள் 1962 ஜனவரியில், மூன்று வயதுகூட ஆகாத நிலையில், இந்த நோயில்தான் இறந்தாள். ஆம்ஸ்ட்ரோங் நிலவில் பாங்கு சத்தம் கேட்டார், முஸ்லிமானார் என்ற கதையை நம் ஊர்களில் எத்தனை வருடம் பரப்பினோம்? அவரே மறுத்த கதை அது. அவருக்கு இப்படி ஒரு மகள் இருந்ததும் இறந்ததும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பொய்யை வேகமாகவும் உண்மையை மெதுவாகவும் பரப்பும் பழக்கம் நமக்கு வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே இருந்திருக்கிறது.

அந்த நோயில்கூட ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பலர் அந்தக் கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் அதன் மரபணுக் கோளாறு 2012இல் தெரிய வந்தது. அந்தக் கோளாறு உள்ள கட்டி திரும்ப வளரும்போது கொடுக்கவென முதன்முதலாக ஒரு மருந்துக்கு 2025 ஓகஸ்ட்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முழுக் குணம் இல்லை. சிலருக்குத்தான் கட்டி சுருங்குகிறது. ஆனால் 60 வருடம் கதிரைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில் அது முதல் படி.

இரண்டாவது, "தலையைத் திறந்தால் நடைப்பிணம்."

ஆபத்து இல்லாத சத்திரசிகிச்சை எதுவும் இல்லை. சிகிச்சைக்குப் பிறகு சில பிள்ளைகள் படிப்பில் மெதுவாகிறார்கள். சிலருக்குக் காது கேட்பது குறைகிறது, வளர்த்தி குறைகிறது. இதெல்லாம் உண்மை, பெற்றோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஆனால் அந்தக் குரல்பதிவுக்காரர் ஒன்றைச் சொல்லவில்லை. கட்டியை அப்படியே விட்டாலும் அது சும்மா இருக்காது. மூளைக்குள் ஓடும் நீரின் வழியைக் கட்டி அடைக்கிறது. நீர் தேங்குகிறது. மண்டையோடு விரிய முடியாது, அழுத்தம் ஏறுகிறது. இரவெல்லாம் படுத்திருப்பதால் விடியற்காலையில் அது கூடும். அதனால்தான் காலையில் தலையிடி, காலையில் சத்தி. விட்டால் முதலில் கண் போகும், பிறகு உயிர் போகும். பிந்திப் போகும் பிள்ளைக்குத்தான் நடுராத்திரியில் அவசர ஒபரேஷன். முந்திப் போனால் நாள் குறித்து, ஆயத்தமாகிச் செய்யலாம்.

மூன்றாவது, "போனால் வருகிறது, உம்மாதான் காரணம்."

14 நாடுகளில் 10 முதல் 24 வயது வரையானவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வின் முடிவு சில வருடங்களுக்கு முன் வந்தது. போன் பாவனையால் மூளைக்கட்டி வருகிறது என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. சிலருக்கு மட்டும் பரம்பரைக் காரணம் இருக்கிறது. போனைக் குறைக்கச் சொல்ல வேறு நூறு நியாயங்கள் உண்டு, நாங்களே தினமும் சொல்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரி வாங்கில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு உம்மாவிடம் "நீதான் செய்தாய்" என்று சொல்வது அறிவும் இல்லை, மார்க்கமும் இல்லை.

நாலாவது, "ஓதினால் போதும்."

ஓதுங்கள். நாங்களும் ஓதுகிறோம். பிள்ளையின் தலையில் கை வைத்து உம்மா ஓதும் துஆவை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை மத்ரஸாவில் முதலாம் வகுப்பிலேயே படிக்கிறோம். மருந்து செய்யுங்கள் என்று அவர்கள் சொன்னதும் நமக்குத் தெரியும். பிறகு எந்த ஹதீஸில் "ஸ்கேன் எடுக்காதே" என்று இருக்கிறது? ஓதுவது ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸிலும் நடக்கலாம். நாலு மாதம் வீட்டில் இருந்துதான் ஓத வேண்டும் என்று கட்டாயமில்லை.

குரல்பதிவுக்காரரை விட்டுவிடுவோம். அவரைவிட நம் மேல்தான் எங்களுக்குக் கோபம் அதிகம்.

2016ஐ நினைத்துப் பாருங்கள். மஹரகம ஆஸ்பத்திரிக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க வேண்டும் என்று, புற்றுநோய் வந்த தன் மகனோடு அலைந்த ஒரு முஸ்லிம் வாப்பா முன்வந்தார். கதீஜா பவுண்டேஷன் வழியாக "ஃபைட் கேன்சர்" என்று உண்டியல் தூக்கினார்கள். முஸ்லிம், சிங்களவர், தமிழர் என்று பார்க்காமல் சில மாதத்தில் 20 கோடி ரூபாய் சேர்ந்தது. நம் பள்ளிவாசல்களிலும் சேர்த்தோம், எங்கள் பிள்ளைகளும் கைச்செலவுக் காசைப் போட்டார்கள். பெருமையான விஷயம். காசு கொடுக்கும் மனம் நமக்குக் குறைவில்லை.

ஆனால் இயந்திரம் எங்கள் வகுப்பறைக்கு நடந்து வராது. பிள்ளைதான் இயந்திரத்துக்குப் போக வேண்டும். தெஹிவளையில் பஸ் ஏறினால் மஹரகம. பொரளைக்குப் போனால் லேடி ரிஜ்வே. களுபோவில ஆஸ்பத்திரி நம் வீட்டுக்குப் பக்கத்தில். எல்லாம் இலவசம். வன்னியிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் ராத்திரி பஸ்ஸில் வருகிறவர்கள் இருக்கும்போது, அரை மணித்தியாலத் தூரத்தில் இருந்துகொண்டு நாம் நாலு மாதம் எடுத்தோம். இதற்கு அரசாங்கத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வருடத்துக்கு 4 லட்சம் பிள்ளைகளுக்கும் இளையவர்களுக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். வறிய நாடுகள் பலவற்றில் 30 சதவீதம்கூட இல்லை. கட்டி ஒன்றுதான், மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே வருகிறது? நோயைப் பிந்திக் கண்டுபிடிப்பது, பிழையாகக் கண்டுபிடிப்பது, மருந்து தொடர்ந்து கிடைக்காதது, சிகிச்சையைப் பாதியில் விடுவது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்தது என்று நாம் கண்ணால் கண்டோம். அதைக் கேட்க வேண்டியவர்களிடம் உரத்துக் கேட்போம். மற்றவற்றில் நம் பங்கும் இருக்கிறது.

இது செய்ய முடியாத காரியம் இல்லை. பிரித்தானியாவில் 2011இல் "ஹெட்ஸ்மார்ட்" என்று ஒரு விழிப்புணர்வு வேலை தொடங்கினார்கள். புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. அறிகுறிகளை எழுதிய சின்ன அட்டை. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் குடும்ப டொக்டருக்கும் கொடுத்தார்கள். முதல் அறிகுறியிலிருந்து நோய் தெரியும் வரை முன்பு 14 வாரத்துக்கு மேல் எடுத்தது. அந்த அட்டை போன இரண்டு வருடத்துக்குள் 7 வாரத்துக்குள் வந்தது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் எல்லோரும் பிழைப்பார்களா என்று கேட்பீர்கள். இல்லை. சில பொல்லாத கட்டிகள் சில வாரத்திலேயே வெளியே தெரிந்துவிடும், ஆனாலும் காப்பாற்ற முடியாது. ஆனால் பார்வை, நடை, படிப்பு இவற்றில் எவ்வளவு மிஞ்சும் என்பதில் ஒவ்வொரு வாரமும் கணக்கு. எங்கள் மாணவியிடம் கேட்டால் சொல்வாள்.

அறிகுறிகளை இங்கே எழுதுகிறோம். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

• திரும்பத் திரும்ப வரும் தலையிடி, முக்கியமாகக் காலையில் அல்லது தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் தலையிடி
• காரணமில்லாமல் திரும்பத் திரும்ப சத்தி, முக்கியமாகக் காலையில்
• நடையில் தடுமாற்றம், அடிக்கடி விழுதல், கையெழுத்து திடீரென்று கெடுதல்
• புதிதாக வாக்குக்கண், இரண்டாகத் தெரிதல், பார்வை மங்குதல்
• தலையை ஒரு பக்கமே சாய்த்து வைத்திருத்தல்
• வலிப்பு
• குணம் மாறுதல், எந்நேரமும் சோர்வு, படிப்பில் திடீர்ச் சறுக்கல்
• கைக்குழந்தைக்குத் தலை அளவுக்கு மீறிப் பெரிதாகுதல்
• பருவ வயதில் வளர்த்தி நின்றுபோதல்

பயப்படுத்த எழுதவில்லை. தலையிடி எல்லாப் பிள்ளைக்கும் வரும், இந்த நோய் மிக அரிது. ஆனால் இதில் ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தால் டொக்டரிடம் காட்டுங்கள். இரண்டு சேர்ந்து இருந்தால், அல்லது வலிப்பு வந்தால், ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். "கண்ணுக்குள் லைட் அடித்துப் பாருங்கள் டொக்டர்" என்று வாய் திறந்து கேளுங்கள். டொக்டரை மாற்றினால் பழைய துண்டுகளையும் கொண்டுபோங்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு வரும் தலையிடி எல்லாம் புலமைப்பரிசில் டென்ஷன் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

இனி யாரிடம் என்ன கேட்கிறோம்?

ஆசிரியர்களிடம், அதாவது எங்களிடமே. நாங்கள் ஒரு நாளைக்கு 6 மணித்தியாலம் பிள்ளையைப் பார்க்கிறோம். நடையும் எழுத்தும் மாறுவது உம்மாவுக்கு முன் எங்கள் கண்ணில்தான் படும். நாங்கள் படித்த பயிற்சிக் கல்லூரியில் உளவியல் படித்தோம், பியாஜேயை மனப்பாடம் செய்தோம். இதைப் பற்றி ஒரு மணித்தியாலப் பாடம்கூட இருக்கவில்லை. அதைச் சாட்டாகச் சொல்ல மாட்டோம். ஸ்டாஃப் ரூம் சுவரில் இந்தப் பட்டியலை ஒட்டியிருக்கிறோம். "கவனமில்லை" என்று எழுதும் முன் ஒரு தடவை அதைப் பார்ப்போம். சிகிச்சை முடிந்து திரும்பும் பிள்ளையை முன் வாங்கில் இருத்துவோம், எழுத மேலதிக நேரம் கொடுப்போம், முடி கொட்டிய தலையைப் பார்த்து யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்வோம்.

பள்ளி நிர்வாகிகளிடமும் உலமாக்களிடமும். வருடத்தில் 52 ஜும்ஆ இருக்கிறது. ஒரே ஒரு குத்பாவை இதற்குத் தாருங்கள். ஓதிப் பார்க்க வரும் பிள்ளையின் வாப்பாவிடம் முதல் கேள்வியாக "டொக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேளுங்கள். நாங்கள் சொன்னால் கேட்காதவர் நீங்கள் சொன்னால் கேட்பார்.

வசதியுள்ளவர்களிடம். சென்னைக்கு அனுப்ப என்றால் ஒரே நாளில் லட்சக்கணக்கில் சேர்க்கிறோம். 2019இலிருந்து சென்னையில் புரோட்டோன் சிகிச்சையும் இருக்கிறது, சில பிள்ளைகளுக்கு அது தேவைதான். ஆனால் இங்கேயே இலவசமாகச் சிகிச்சை எடுக்கும் பிள்ளைகள்தான் அதிகம். அந்த வீடுகளில் ஆஸ்பத்திரிச் செலவு இல்லை, அரிசிச் செலவு இருக்கிறது. மாதக்கணக்காகத் தினமும் போய் வர வேண்டும். த்ரீவீல் ஓட்டும் வாப்பா ஓடாத நாளைக்குச் சம்பளம் இல்லை. அங்கேதான் சிகிச்சை பாதியில் நிற்கிறது. மும்பை டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியில் ஒரு காலத்தில் ஐந்தில் ஒரு பிள்ளை அளவில் பாதியில் போய்விட்டது. தங்குமிடம், சாப்பாடு, பயணக்காசு, வராதவர்களைத் தேடிப் போன் எடுக்க ஆட்கள் என்று ஏற்பாடு செய்த பிறகு அது 5 சதவீத அளவுக்குக் குறைந்தது. ஸகாத்தில் ஒரு பங்கை ஒரு குடும்பத்தின் ஒரு வருட வீட்டுச் செலவுக்கு ஒதுக்குங்கள். தூரத்து ஊரிலிருந்து வரும் தாய்க்கும் பிள்ளைக்கும் கல்கிசையில் ஒரு அறை கொடுக்க நம்மால் முடியாதா?

கடைசியாக அந்த 30 பேரிடம். அந்தக் குரல்பதிவை அழித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய இடங்களுக்கெல்லாம் இந்தப் பதிவையும் அனுப்புங்கள். நாளைக்கு ஒரு வீட்டில் காலையில் பிள்ளை சத்தி எடுக்கும். அந்த உம்மாவின் போனில் இரண்டில் எது முதலில் இருக்கிறது என்பதில் ஒரு பிள்ளையின் கண் தங்கியிருக்கலாம்.

நோட்டீஸில் இருந்த அந்தப் பிள்ளைக்கு இந்த மாதம் ஒபரேஷன். துஆச் செய்யுங்கள். முடிந்ததைக் கொடுங்கள். யா அல்லாஹ், அந்தப் பிள்ளைக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் கவனக்குறைவை மன்னிப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
கல்கிசையிலிருந்து, உங்கள் பிள்ளைகளின் ஆசிரியர்கள்